ஒரு காதும் ஒரு கம்பளக் கிடங்கும்

விடுதியில் அவளுக்குத் தலையாட்டி என்று பேர் வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் வார்டனே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கோபித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. யார் எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவாள். "நாளைக்கு சர்வே எடுக்க நீ போறியா?" என்றால் ஓர் ஆட்டல். "இல்ல, நான் போகட்டுமா?" என்றால் அதற்கும் அதே ஆட்டல். தங்கமான பொண்ணு, மறுப்புச் சொல்லவே தெரியாது என்று புள்ளியியல் இரண்டாமாண்டு வகுப்பு முழுக்க நல்ல பேர்.

கேட்டால்தானே மறுப்பதற்கு?

ஏழு வயதில் அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பி, பத்து நாள் காய்ச்சலில் கிடந்தாள். எழுந்தபோது வலது காது போயிருந்தது. கொஞ்சம் மந்தம் என்ற பேச்சே இல்லை. சுவிட்சை அணைத்த மாதிரி அடியோடு போயிருந்தது. அம்மா ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள், நாள் முழுக்க நீராவியில் நிற்கிறவள். அவள் மகளுக்கு மூன்றே மூன்று விஷயம் சொல்லிக்கொடுத்தாள்.

"ஆளுங்களை எப்பவும் இடது பக்கம் வச்சுக்கோ. உக்காரும்போது வலது பக்கம் சுவரா பாத்து உக்காரு. கேக்கலைன்னா ஆன்னு நிக்காதே, சிரிச்சுட்டுத் தலையை ஆட்டிடு. வெளிய யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

வருஷத்துக்கு இரண்டு மாதம் மட்டும் கப்பலிலிருந்து வீட்டுக்கு வருகிற அப்பாவுக்குத் தெரியும். நாலு வயது மூத்த அக்காவுக்குத் தெரியும். அதற்கு மேல் ஒருவருக்கும் தெரியாது. காதும் காதும் வைத்த மாதிரி என்பார்களே, அந்த வீட்டில் ஒரு காது குறைவாக இருந்தும் பதின்மூன்று வருஷம் அந்த ரகசியம் காப்பாற்றப்பட்டது.

ஆனால் காப்பாற்றுவது சின்ன வேலை இல்லை. மற்றவர்கள் கேன்டீனுக்குச் சாப்பிடப் போவார்கள்; தலையாட்டி வேலைக்குப் போவதுபோலப் போவாள். எந்தத் தூணுக்குப் பக்கத்தில் இடம், யார் எந்தப் பக்கம் உட்காருவார்கள், யாருடைய உதட்டைப் பார்த்தால் புரியும், யார் வாயில் கையை வைத்துக்கொண்டு பேசுவார்கள் என்று எல்லாம் கணக்குப் போட வேண்டும். எல்லோரும் சிரித்த பிறகு அரை நொடி தாமதித்து அவளும் சிரிக்க வேண்டும். சாயங்காலம் அறைக்கு வந்து விழும்போது மூட்டை தூக்கியவள் மாதிரி உடம்பு வலிக்கும். நல்ல காதைத் தலையணையில் புதைத்துப் படுத்துவிட்டால் இடி விழுந்தாலும் தெரியாது. அந்த நிம்மதிக்காகவே சீக்கிரம் படுத்துவிடுவாள். காலையில் அவளுடைய அலாரம் அவளைத் தவிர அந்த மாடி முழுவதையும் எழுப்பும்.

முதலில் எழுந்து திட்டுகிறவள் அறைத் தோழி. சட்டம் படிக்கிறவள், எதற்கும் வாதாடுவாள், பல் தேய்த்துக்கொண்டே வாதாடுவாள்; அதனால் அவள் பேர் வக்கீல். திட்டினாலும் மனசில் வைத்துக்கொள்ள மாட்டாள். இரண்டு பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள், அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

அன்று மதியம் கேன்டீனில் கூட்டம். தட்டுகளை அடுக்குகிற சத்தமும் நாற்காலிகளை இழுக்கிற சத்தமும் ஒன்றாகச் சேர்ந்து இரைந்துகொண்டிருந்தன. தூணுக்குப் பக்கத்து இடத்தை வேறு யாரோ பிடித்துவிட்டார்கள். தலையாட்டி நடு மேசையில் உட்கார்ந்திருந்தபோது வக்கீல் வேகமாக வந்து, போயும் போயும் வலது பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொன்னாள். திரும்பிப் பார்ப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். முகம் மட்டும் இவளையே பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே இருந்த இரண்டு பேர் வேறு ஏதோ வேடிக்கைக்கு அந்த நேரம் பார்த்துச் சிரித்தார்கள். சரி, இதுவும் வேடிக்கைதான் போல என்று நினைத்து, தலையாட்டியும் வாய்நிறையச் சிரித்துத் தலையை ஆட்டினாள்.

வக்கீல் தட்டைக்கூட எடுக்காமல் எழுந்து போனாள்.

அவள் என்ன சொன்னாள் என்பது சாயங்காலம் பக்கத்து அறைப் பெண் மூலமாகத்தான் தெரிந்தது. "எங்கப்பாவை ஐசியூல சேத்திருக்காங்களாம், எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை" என்று சொல்லியிருக்கிறாள். அதற்குத்தான் இவள் பல்லைக் காட்டியிருக்கிறாள்.

தலையாட்டி அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். அந்த நேரத்தில் வக்கீல் ஊருக்குப் போகிற பஸ்ஸில் இருந்தாள். நல்லவேளை, அவளுடைய அப்பா பிழைத்து வீடு திரும்பிவிட்டார். வக்கீலும் பத்து நாளில் திரும்பி வந்தாள். ஆனால் பேச்சு இல்லை. "தண்ணி கேன் காலி", "வாசல்ல உன் செருப்பு" என்கிற அளவில் மூன்று வாரம் ஓடியது. ஒரு வாக்கியம் சொன்னால் எல்லாம் தீர்ந்துவிடும். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்லக்கூடாது என்று வளர்த்திருந்தார்கள்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் வக்கீல் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் ஏதோ சொன்னாள். தலையாட்டிக்குப் பிடிபட்டது இரண்டே சொல்: "டிக்கெட்" ஒன்று, "ஹவுஸ்" ஒன்று. பக்கத்து அறைப் பெண் காலையிலிருந்து காய்ச்சலில் கிடந்ததால் அவளுடைய டிக்கெட் வீணாகிறது, வருகிறாயா என்று கேட்கிறாள் என்பதுவரை அவளாகவே ஊகித்துக்கொண்டாள். யாருடைய வீட்டுக்கோ போகிறோம் போலிருக்கிறது. வீட்டுக்குப் போக எதற்கு டிக்கெட் என்பது மட்டும் விளங்கவில்லை. ரயில் டிக்கெட்டாக இருக்கும். வக்கீல் அவளாக வந்து பேசியதே பெரிய விஷயம், தலையை ஆட்டினாள். போகிற வழியில் கடைக்குள் ஓடி ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவும் வாங்கிக்கொண்டாள். முதல் முறை ஒரு வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போவது நன்றாகவா இருக்கும்?

வக்கீல் அந்த டப்பாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முன்னால் நடந்தாள்.

போய் நின்ற இடம் சரக்கு ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு பழைய கம்பளக் கிடங்கு. ஜன்னலே இல்லாத செங்கல் கட்டிடம். பக்கத்தில் டயர் கடை, எதிரே பூட்டிக் கிடக்கும் அச்சகம். ராத்திரியில் அக்கம்பக்கத்தார் புகார் சொன்னதால் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றிலிருந்து எட்டு மணிவரை மட்டும் அங்கே நடனம். கதவருகே நின்ற தடித்த ஆள் டார்ச் அடித்துப் பையைச் சோதித்தவர், டப்பாவைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"பிஸ்கட்."

"யாருக்கு?"

"வீட்ல இருக்கறவங்களுக்கு."

"எந்த வீடு?"

தலையாட்டி வக்கீலைப் பார்த்தாள். வக்கீல் மூன்று வாரமாக இறுக்கி வைத்திருந்த முகம் அப்படியே உடைந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தாள். "ஹவுஸ்னா வீடு இல்லடி லூசு! அது ஒரு பாட்டு வகையோட பேரு! இது கிளப்பு!" என்று அவள் கத்தியது தலையாட்டியின் ஒற்றைக் காதிலும் தெளிவாக விழுந்தது. கதவுக்காரர் டப்பாவை மரியாதையாகக் கோட்டு, பை வைக்கிற கவுண்டரில் வைத்து அதற்கும் ஒரு டோக்கன் கொடுத்தார். கையின் பின்பக்கம் ஒரு முத்திரை குத்தி, போன் காமிராவின் மேல் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டினார். உள்ளே படம் எடுக்கக் கூடாதாம்.

கிளப் என்றதும் தலையாட்டி மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தாள். இருட்டாக இருக்கும், உதடு தெரியாது. சத்தமாக இருக்கும், இடது காதும் உதவாது. முன்பின் தெரியாத கூட்டம் வேறு. கேன்டீனையே சமாளிக்க முடியாதவள் இங்கே என்ன செய்வாள்? திரும்பிப் போய்விடலாம் என்று வாய் திறப்பதற்குள் வக்கீல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். தடித்த ரப்பர் திரைகள் இரண்டு. இரண்டாவதைத் தாண்டியதும் அது வந்தது.

முதலில் காதுக்கு வரவில்லை. உள்ளங்காலுக்கு வந்தது. சிமெண்டுத் தரையிலிருந்து முழங்கால் வழியாக ஏறி, விலா எலும்புக்குள் புகுந்து நின்றது. தும், தும், தும், தும். நாலு நாலாக, ஒன்றுகூடப் பிசகாமல், ஆரோக்கியமான ஒரு பெரிய பிராணியின் நெஞ்சுத் துடிப்பு மாதிரி. அதற்கு இடது பக்கம், வலது பக்கம் என்ற பேதமே இல்லை. உடம்பு முழுக்க ஒரே அளவாகக் கேட்டது. ஏழு வயசுக்குப் பிறகு தன் வலது பாதியில் சத்தம் நுழைந்தது அன்றைக்குத்தான் என்று பிற்பாடு அவள் சொல்வதுண்டு.

கொஞ்ச நேரம் தூண் ஓரமாக நின்று பார்த்தாள். சின்ன வயசுப் பிள்ளைகள் மட்டும்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தாள். வெள்ளைக் காலணி கழற்றாமல் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து நேராக வந்த இரண்டு நர்ஸுகள் இருந்தார்கள். கண்ணாடியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, கொஞ்சமும் அழகில்லாமல், ஆனால் ஆனந்தமாக ஆடுகிற வழுக்கைத்தலைக்காரர் ஒருவர் இருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அதைவிட முக்கியமாக, யாருக்கும் யார் பேசுவதும் கேட்கவில்லை. அதைக் கவனிக்க அவளுக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஒருத்தன் தண்ணீர் வேண்டும் என்று கட்டை விரலை வாயருகே காட்டினான். ஒருத்தி வெளியே போகலாம் என்று கையை ஆட்டிக் காட்டினாள். ரொம்ப அவசியமானால் தோளைத் தொட்டு, காதருகே குனிந்து கத்தினார்கள், கத்தியும் கேட்காமல் "ஆ?" என்றார்கள், சிரித்துத் தலையை ஆட்டினார்கள். அங்கே இருந்த இருநூறு பேரும் அவள் பதின்மூன்று வருஷமாகச் செய்துவந்ததைத்தான் செய்துகொண்டிருந்தார்கள், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

பாட்டிலும் ஒரு அதிசயம் இருந்தது. மற்றப் பாட்டுகளில் வரிகள் ஓடிவிடும். ஒன்றைப் பிடிப்பதற்குள் மூன்று போய்விடும். இங்கே ஒரு பெண் குரல் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் பாடியது. பாடியது, மறுபடி பாடியது, மறுபடியும். முதல் ஐந்து தடவை அவளுக்கு வெறும் ஓசை. பத்தாவது தடவையில் ஒரு சொல் பிடிபட்டது. இருபதாவது தடவையில் மீதியும் சேர்ந்தது. முப்பதாவது தடவை பாடும்போது அந்தக் குரலோடு சேர்ந்து அவளும் வாயசைத்தாள். அவள் பிடிக்கும்வரைக்கும் காத்திருந்து, சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்ல உலகத்தில் ஒருவராவது இருக்கிறார்களே! கண்ணில் நீர் வந்துவிட்டது. கால் எப்போது ஆட ஆரம்பித்தது என்று தெரியாது. இருட்டில் யாரும் பார்க்கவில்லை.

எட்டு மணிக்கு விளக்குப் போட்டார்கள். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து எல்லோரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டபோது பிஸ்கட் டப்பா திறக்கப்பட்டது. கதவுக்காரர் நாலு எடுத்துக்கொண்டார். பாட்டுப் போட்ட பெண்ணும் வந்து உட்கார்ந்தாள். இவர்கள் வயசுதான், பேக்கரியில் விடியற்காலை வேலை, முழங்கையில் மாவுக் கறை. எல்லோருக்கும் அவள் பேக்கரிக்காரி. "எங்க கடையில சுடறதைவிட நல்லாதான் இருக்கு, வெளிய சொல்லிடாதீங்க" என்று டப்பாவின் அடியைத் துழாவினாள். வக்கீல் தலையாட்டியின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது தோளில்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் கிடங்குதான். திங்களிலிருந்து சனிவரை அவள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு அலைவாள். ஞாயிறு மூன்று மணிக்கு அந்த வேலையை இறக்கி வைப்பாள். மதிப்பெண் குறையவில்லை, கூடத்தான் செய்தது. பேக்கரிக்காரி ஒரு பாட்டின் அடியில் இன்னொரு பாட்டை மெல்ல நுழைத்து, இரண்டு தாளமும் ஒன்றாக நடக்கவிட்டு, பழையதை யாருக்கும் தெரியாமல் உருவி எடுப்பதைக் கவனிக்கக் கற்றுக்கொண்டாள். தாளம் சட்டென்று நின்று, கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு, மறுபடி அது தரையில் வந்து விழும்போது இருநூறு பேரோடு சேர்ந்து கத்தவும் கற்றுக்கொண்டாள். அதுவரை அவள் வாழ்நாளில் கத்தியதே இல்லை.

ஆனால் பயமும் கூடவே இருந்தது. கழிவறைச் சுவரில் காதைப் பாதுகாத்துக்கொள்ளச் சொல்லி ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். காது அடைப்பான் வேண்டுமென்றால் கவுண்டரில் கேட்கலாம் என்று போட்டிருந்தது. இருப்பது ஒரே காது. ஆனால் கவுண்டரில் போய்க் கேட்டால், "உனக்கு மட்டும் எதுக்கு?" என்று யாராவது கேட்பார்களோ என்று கேட்கவில்லை. அதற்குப் பதிலாக விடுதியின் முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து, உருட்டி, இடது காதில் அழுத்தி அடைத்துக்கொண்டு போனாள். வாரா வாரம் அழுத்தினாள்.

நாலாவது மாதம் ஒரு திங்கட்கிழமை காலை தலைக்குக் குளித்துவிட்டு வந்து துண்டால் துடைத்தாள். துண்டின் சரசரப்பு கேட்கவில்லை. மின்விசிறி சுற்றியது, கேட்கவில்லை. கையைத் தட்டிப் பார்த்தாள். எங்கோ பத்துச் சுவருக்கு அப்பால் யாரோ தட்டுவது மாதிரி இருந்தது. அதற்கு மேல் 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சல்.

போய்விட்டது. இதுவும் போய்விட்டது. நானே போய் நின்று கெடுத்துக்கொண்டேன்.

கட்டிலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வக்கீல் வகுப்புக்குக் கிளம்பியபோது கூப்பிட்டாள், திரும்பிக் கூப்பிட்டாள், கிட்டே வந்து தோளை உலுக்கினாள். தலையாட்டி அவளுடைய உதட்டையே பேய் முழி முழித்துப் பார்த்தாள். இந்த முறை தலை ஆடவில்லை. வாய்தான் திறந்தது. தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காததால் எவ்வளவு சத்தமாகப் பேசினாள் என்று அவளுக்குத் தெரியாது. மாடி முழுக்கக் கேட்டதாம்.

"எனக்கு வலது காது சின்ன வயசுலேர்ந்தே கேக்காது. இப்ப இடதும் போச்சு."

வக்கீல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நோட்டை எடுத்து எழுதினாள்: எப்பலேர்ந்து?

"ஏழு வயசுலேர்ந்து."

வக்கீல் மறுபடி எழுதினாள்: அப்போ அன்னிக்கு கேன்டீன்ல?

"கேக்கவே இல்ல. சத்தியமா கேக்கல. நீ ஏதோ ஜோக் சொன்னேன்னு நினைச்சேன்."

வக்கீல் நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை நின்றதும் நோட்டைப் பொறுக்கிக்கொண்டு வந்து, பெரிய எழுத்தில் எழுதினாள்: முட்டாள். நாலு மாசமா நான் உன்னைக் கல்நெஞ்சக்காரின்னு நினைச்சுக்கிட்டே மன்னிச்சிட்டிருந்தேன். எவ்ளோ கஷ்டம் தெரியுமா!

வலி, பயம் எல்லாவற்றுக்கும் நடுவில் தலையாட்டிக்குச் சிரிப்பு வந்தது.

அம்மாவிடம் சொல்லத் துணிவில்லை. அக்காவுக்குத்தான் செய்தி அனுப்பினாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அக்கா மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு, நாலு மணி நேரம் காலி வேனையே ஓட்டிக்கொண்டு வந்து விடுதி வாசலில் நிறுத்தினாள். வக்கீலும் ஏறிக்கொண்டாள். மூன்று பேருமாகக் காது ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வரிசையில் காத்திருந்த இரண்டு மணி நேரமும் அக்கா தங்கையின் கையை ஸ்டியரிங் மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தாள்.

காது டாக்டர் நடுத்தர வயதுப் பெண், வளவளவென்று பேசாதவர். விளக்கு வைத்த குழாயால் உள்ளே பார்த்தார். "ம்ம்" என்றார். மறுபடி பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பி ஏதோ சொன்னார். அக்காவின் முகம் முதலில் சுருங்கியது, பிறகு விரிந்தது, பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு வெதுவெதுப்பான தண்ணீர்ப் பீச்சாங்குழல் வந்தது. காதுக்குள் வெள்ளம் புரண்டது. ஏதோ ஒன்று நெகிழ்ந்து, நகர்ந்து, வெளியே கிண்ணத்தில் விழுந்தது. பட்டாணி அளவு அழுக்கு உருண்டை, அதைச் சுற்றிப் பஞ்சு நூல்.

உலகம் ஒரே பாய்ச்சலாகத் திரும்பி வந்தது. கிண்ணத்தில் தண்ணீர் சொட்டுவது, டாக்டரின் நாற்காலி கிறீச்சிடுவது, அடுத்த அறையில் யாரோ தும்முவது. அதற்கெல்லாம் மேலே அக்காவின் குரல்: "அழுக்காடி? அழுக்குக்காகவா நான் நாலு மணி நேரம் வேன் ஓட்டிட்டு வந்தேன்?"

"அக்கா, கத்தாதே," என்றாள் தலையாட்டி. சொல்லிவிட்டு, அப்படிச் சொல்ல முடிந்ததே என்று விம்மி விம்மி அழுதாள்.

கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொல்லிச் சோதித்தார்கள். இடது காது முழுசாக இருந்தது. டாக்டர் தாளைக் காட்டி விளக்கினார். "பஞ்சை வச்சு அழுக்கை உள்ள தள்ளிட்டே. குளிச்ச தண்ணியில அது ஊறி அடைச்சுக்கிச்சு. எங்க போற, இவ்வளவு பஞ்சு வைக்கற அளவுக்கு?"

பொய் சொல்லத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் திட்டுவார் என்று மூன்று பேரும் குனிந்துகொண்டார்கள்.

"ஆடு. யார் வேண்டாம்னா? ஆனா ஒழுங்கான அடைப்பான் போட்டுக்கிட்டு ஆடு. ஸ்பீக்கர் முன்னாடி நிக்காதே. மணிக்கொரு தரம் வெளிய வந்து காதுக்கு லீவு குடு. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டு." பிறகு அதே தாளில் வலது காதுக்கான கோட்டைப் பார்த்தார். "இது பொன்னுக்கு வீங்கியா? ஆமா, இப்படித்தான் பண்ணும். ஒரு காதை ஒரே ராத்திரியில எடுத்துட்டுப் போயிடும். மொத நாளே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாலும் யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

அக்காவுக்கு அம்மாவிடம் மட்டும் எதையும் மறைக்கத் தெரியாது. அன்று ராத்திரியே அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை அம்மா பஸ் ஏறி விடுதிக்கே வந்துவிட்டாள். கிளப்புக்கா போனே என்று கேட்கப்போகிறாள், இல்லை, ஊருக்கெல்லாம் ஏன் சொன்னே என்று கேட்கப்போகிறாள் என்று தலையாட்டி இரண்டுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தாள். வக்கீலும் வாதாடத் தயாராக நின்றாள்.

அம்மா இரண்டையும் கேட்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து பையின் பிடியைச் சுற்றிச் சுற்றி முறுக்கினாள்.

"டாக்டர் என்னமோ சொன்னாங்களாமே. மொத நாளே வந்திருந்தாலும்னு. அக்கா சொன்னா. அவ சும்மா எனக்காகச் சொல்றாளா, நிஜமாவே சொன்னாங்களா?"

"நிஜமாத்தான்மா. இதோ இவளும் இருந்தா, கேளு."

"ஆமாம்மா, என் காதால கேட்டேன்," என்றாள் வக்கீல்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "அப்ப கடையில ஆள் இல்ல. லீவு போட்டா வேலையை விட்டு நிறுத்திடுவேன்னாங்க. சாதாரண ஜுரம்தானேன்னு உன்னைப் பக்கத்து வீட்ல விட்டுட்டு ரெண்டு நாள் போயிட்டேன். மூணாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். வெளிய தெரிஞ்சா, பெத்தவ என்ன பண்ணிட்டிருந்தான்னு கேப்பாங்களேன்னுதான் உன்னையும் வாயை மூடிக்கச் சொன்னேன். உனக்காகன்னு சொன்னேன். எனக்காகத்தான்."

தலையாட்டிக்கு இது புதிது. அம்மா மகளுடைய காதை நினைத்துத்தான் வெட்கப்படுகிறாள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். சோதனைத் தாளை எடுத்து அம்மாவின் மடியில் விரித்து, டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் திரும்பச் சொன்னாள். அம்மா இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னாள். மூன்றாவது தடவையும் சொன்னாள். அதற்குப் பிறகு அம்மா, "கொஞ்சம் படுத்துக்கட்டுமா?" என்று கேட்டு, காலை நீட்டி, சாயங்காலம்வரை அசையாமல் தூங்கினாள். அம்மா பகலில் தூங்கி யாரும் பார்த்ததில்லை. அவளை எழுப்ப மனசில்லாமல் இரண்டு பெண்களும் வராந்தாவில் உட்கார்ந்து படித்தார்கள்.

இதெல்லாம் நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தலையாட்டி போக்குவரத்து அலுவலகத்தில் பஸ் நேர அட்டவணை போடுகிறாள். சேர்ந்த முதல் நாளே, "எனக்கு வலது காது கேக்காது, இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாள். சொல்ல அரை நிமிஷம் ஆயிற்று. மேலதிகாரி "அப்படியா" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு பழைய பேச்சைத் தொடர்ந்தார். வக்கீல் நிஜமாகவே வக்கீலாகி, கோர்ட்டில் சம்பளம் வாங்கிக்கொண்டு வாதாடுகிறாள். ஆட்டம் நின்றபாடில்லை, இருவருக்கும் முழங்காலில் லேசாகப் பிடிப்பு, அவ்வளவுதான்.

நடுவில் பாட்டுப் போடவும் ஆசை வந்தது. அந்த வேலைக்கு ஹெட்போனில் ஒரு காது, அறையில் ஒரு காது வேண்டும். அவளிடம் இருப்பதோ ஒன்று. பேக்கரிக்காரியும் அவளும் ஒரு மதியம் முழுக்க இயந்திரத்தை நோண்டி, ஓடுகிற பாட்டையும் வரப்போகிற பாட்டையும் ஒரே காதுக்குள் கலந்து அனுப்புகிற குமிழைக் கண்டுபிடித்தார்கள். முதல் தடவையாக அவளுக்குக் கிடைத்தது மூன்றிலிருந்து நாலு மணிவரை, கூட்டம் சேராத நேரம். உள்ளே பதினாலு பேர். அதில் ஒருவர் அக்கா. அவள் ஸ்பீக்கருக்கு எட்ட நின்று, வேன் ஓட்டுகிற அதே கம்பீரத்தோடு இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருந்தாள்.

முதல் பாட்டின் அடியில் இரண்டாவது பாட்டு வழுக்காமல் போய்ச் சேர்ந்தது. யாரும் கவனிக்கவில்லை, கால்கள் நிற்கவில்லை, அதுதான் வெற்றி. ஆடிக்கொண்டிருந்த ஒருவர் மேடையருகே வந்து, முகமெல்லாம் மலர, அவளைப் பார்த்து ஏதோ கத்தினார். பாராட்டுகிறார் என்று நெஞ்சு குளிர்ந்தது. ஆனாலும் ஹெட்போனைக் கழற்றி, இடது காதைக் குனிந்து காட்டினாள்.

"கேக்கல, மறுபடி சொல்லுங்க!"

"பாத்ரூம் எந்தப் பக்கம்?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். அவர் போனதும் அடுத்த பாட்டைத் தேட ஆரம்பித்தாள்.